ஒரு கணு

ஏ.சி. பெட்டி சொட்டும் தண்ணீருக்கு
பழைய பெயிண்ட் வாளி வைத்திருக்கிறேன்.
அயனாவரத்து மூன்றாம் மாடியில்
என் தொட்டிகளுக்கு அதுதான் ஆறு.

நர்கீஸ் வந்ததும் ரோஜாவைத்தான் பார்ப்பாள்.
"இன்னும் மொட்டுகூட விடலையா?"
டீத்தூள் போட்டாச்சு,
வெங்காயத்தோல் ஊறவைத்து ஊற்றியாச்சு என்றேன்.
"அதான் விஷயம். உன் ரோஜா சைவம்.
என்னுது கறி கழுவுன தண்ணி குடிக்குது,
வாரத்துக்கு நாலு பூ."
"பூனையும் நாலு வருமே" என்றாள் இவாஞ்சலின்
ஓமவல்லி பக்கம் குந்தி உட்கார்ந்தபடி.

இவாஞ்சலினுக்கு ஒரு கொள்கை உண்டு,
கேட்டு வாங்கின செடி பிழைக்காது.
பல் டாக்டர் வரவேற்பறை மணிபிளான்ட்,
கொளத்தூரில் நிச்சயதார்த்தத்துக்குப் போன வீட்டு முல்லை,
எல்லாம் அவள் கைப்பையில் ஊர் மாறியவை.
என் கற்றாழையே இரண்டு முறை போயிருக்கிறது.
கொஞ்ச நாளாக அந்தப் பை
காலியாகத்தான் திரும்புகிறது.

கம்பியில் படர்ந்த பிரண்டையைப் பார்த்து
துவையல் அரைக்கலாம் என்றது நான்.
"இளசாப் பார்த்துக் கிள்ளு,
முத்தினது அரிக்கும்" என்றாள் இவாஞ்சலின்.
எனக்குத் தெரியும் என்றேன்.
(தெரியாது.)
நர்கீஸ் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நார் உரித்தாள்,
"எங்க வீட்ல இதெல்லாம் சமைக்கறதில்லை,
உன் வீட்ல எதையும் சாப்பிடுவேன்."
உளுந்து சிவந்தது. மிளகாய் கமறியது.
புளி எவ்வளவு என்பதில் மூன்று கட்சி.
வீட்டுக்காரி கட்சி ஜெயித்தது,
நெல்லிக்காய் அளவு போதும் என்று.

போதவில்லை.

இரண்டாவது உருண்டைச் சோற்றில்
நாக்கில் ஊசி நடந்தது.
மூன்றாவதில் தொண்டைக்குள்
யாரோ தேங்காய் நார் தேய்த்தார்கள்.
ஏழு வருஷத்தில் முதல் முறையாக
மூன்று பேரும் ஒரே நேரத்தில்
வாயைத் திறந்துகொண்டு
பேசாமல் இருந்தோம்.
கீழே தெருவில் கோலமாவு வண்டியின்
ரெக்கார்டு பண்ணின குரல் போனது.
எங்கோ ரயில் கூவியது.
வாளியில் ஒரு சொட்டு. இன்னொன்று.
நர்கீஸ் கண்ணில் தண்ணீர், சிரிப்பா அரிப்பா தெரியவில்லை.

மோர் குடித்த பிறகு
முதலில் குரல் வந்தது இவாஞ்சலினுக்கு.
"பிப்ரவரியிலேர்ந்து
ராத்திரி அடுப்பே பத்த வைக்கறதில்லை நான்."

துவையல் பற்றித்தான் ஏதோ சொல்லப்போகிறாள்
என்று நினைத்திருந்தோம்.

"என்னதான் சாப்பிடறே?"
"பிஸ்கட். வாழைப்பழம்.
மாடி ஏறி வரப்போ ரெண்டாவது மாடில யாரோ
பூண்டு தாளிப்பாங்க.
பூட்டு திறக்கறதுக்குள்ள
சாப்பிட்டாப்ல ஆயிடும்."
அரை டம்ளர் அரிசிக்கு
குக்கர் விசில்கூட சரியா வராது, தெரியுமா
என்று கேட்டாள்.
எங்களுக்குத் தெரியவில்லை.
நர்கீஸ் வீட்டில் ஒன்பது பேர்.
என் வீட்டில் இரண்டு பேர், இரண்டு மாதிரி சாம்பார்.

நர்கீஸ் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.
மிச்சத் துவையலில் புளித்தண்ணீர் விட்டு
மறுபடி வாணலியில் போட்டாள்.
"இதோட கொதிச்சா அடங்கும்" என்றாள்.
அடங்கியது, முக்கால்வாசி.
திட்டிக்கொண்டே வழித்துச் சாப்பிட்டோம்.
பேச்சு திரும்பி வந்துவிட்டது.
கருவேப்பிலைக்குப் புளித்த மோர் நல்லதா இல்லையா,
கோயம்பேட்டில் கொத்தமல்லிக் கட்டு என்ன விலை,
கத்தரிக்காயை நர்கீஸ் ஏன் தொடுவதில்லை.

ஐந்தரைக்கு இருவரும் கிளம்பினார்கள்.
படியில் இவாஞ்சலின் பையை
இடது தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

வாளி நிரம்பி வழியும் சத்தம் கேட்டு
தண்ணீர் ஊற்றப் போனேன்.
பிரண்டைக் கொடியில் ஓரிடம்,
கணுவுக்குச் சரியாகக் கீழே,
நகம் பட்டு இன்னும் ஈரமாக.

இளசாப் பார்த்துத்தான்
கிள்ளியிருக்கிறாள்.