அங்க அடையாளம்

செருப்புச் சேற்றைப் படியில் தட்டிவிட்டு
மாடியேறி வந்தார் மஹேலா ப்ரூவிட்.
சாட்டம் ஊரில் மார்ச் மாதம் என்றால்
தெருவில் பாதி பனி, பாதி குதிரைச் சாணி.

கண்ணாடித் தகட்டுக்கு மருந்து பூசுவது என் வேலை.
வெள்ளி உப்பு தின்ற என் விரல்களைப் பார்த்து
"போகாதா இந்தக் கறுப்பு?" என்றார்.
தேய்த்தால் நாலு நாளில் போகும் என்றேன்.
"உனக்குப் பரவாயில்லை" என்று சிரித்தார்.
அயர்லாந்துக்காரி நான்,
எங்கே பார்ப்பதென்று தெரியாமல் புட்டியைப் பார்த்தேன்.

பையிலிருந்து ஒரு செய்தித்தாள் துண்டு.
மடிப்பில் கிழிந்து, பசை போட்டு ஒட்டியது.
கென்டக்கியில் அச்சானது.

"ஓடிப்போனாள். பெயர் மஹேலா. வயது இருபத்தாறு.
நல்ல உயரம். இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு.
பேச்சுக் கொடுத்தால் தலை குனிந்துகொள்வாள்.
பிடித்துத் தருபவருக்கு நூற்றைம்பது டாலர்."

"உயரம் சரி, தழும்பும் சரி" என்றார்.
"வயதில் ஒன்று கூட்டிவிட்டான், போகட்டும்.
அந்தத் தலை குனிகிற வரிக்காகத்தான் வந்தேன்."

டாலிவர் முதலாளி நாற்காலியை வெளிச்சத்துக்கு இழுத்தார்.
வழக்கம்போல நான் பின்னால் போய்,
தலை அசையாமலிருக்க வைக்கும் இரும்புக் கவையை
கழுத்தில் பொருத்தினேன்.
எல்லோருக்கும் செய்வதுதான்,
மேயருக்கும் மணப்பெண்ணுக்கும்.

எழுந்துவிட்டார்.
கத்தவில்லை. நாற்காலிதான் விழுந்தது.
என் கையிலிருந்தது
அதுவரை எனக்கு வெறும் இரும்பு.

"அசைந்தால் முகம் கலங்கிவிடும் அம்மா."
முதலாளி தரையைப் பார்த்துச் சொன்னார்.
அவரும் ஆறு தாண்டி வந்தவர்தான்.

"படகில், தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தேன்.
ஒருவன் பூட்ஸ் காலோடு என் மேல் நின்று
ஒரு சுருட்டு முழுக்கப் புகைத்தான்.
உங்களுக்கு எத்தனை நொடி வேண்டும்?"

எட்டு.

மூடியைத் திறந்தார்.
அடுப்பில் விறகு வெடித்தது.
வெளியே யாரோ குதிரையைத் திட்டினார்கள்.
இமை கொட்டவில்லை.
ஆறாவது நொடியில் கண்ணோரம் நீர் கோத்தது,
எரிச்சலாக இருக்கலாம்.
அதையும் விழவிடவில்லை.

இருட்டறையில் தகட்டை விளக்கருகே பிடித்தேன்.
தகட்டில் எல்லாம் தலைகீழ்:
காலர் கறுப்பு, முகம் வெளிச்சம்.
கண்மணி இருக்க வேண்டிய இடம் வெறும் கண்ணாடி.
அதன் வழியே என் விரல் தெரிந்தது.

படம் ஒன்று கால் டாலர்.
அக்காவுக்கு அவர்கள் சொல்லும் விலை எழுநூறு.
இரண்டாயிரத்து எண்ணூறு படம், அச்சுக்கூலி சேர்க்காமல்.
கணக்கை என் மருந்துச் சீட்டின் பின்புறம் போட்டுக் காட்டினார்.
டொராண்டோ, ஹாமில்டன், ஏரிக்கு அந்தப் பக்கம் பஃபலோ,
சர்ச் கூடங்களில் தானே நின்று விற்றார்.
வாங்குகிறவர்கள் படத்தைப் பார்ப்பார்கள்,
நிமிர்ந்து இவரைப் பார்ப்பார்கள்,
சிலர் சீக்கிரமாகச் சில்லறை தேடுவார்கள்.

ஒரு படத்தை மட்டும் உறைக்குள் போட்டு
கென்டக்கி முகவரி எழுதினார்.
படத்தின் பின்னால் ஒரே வரி:
"விளம்பரத்தைத் திருத்திக்கொள்ளவும்."
தபால் கடை வரை போய்த் திரும்பி வந்தார்.
"அக்கா இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள்.
அவள் இந்தக் கரை ஏறிய அன்று நீ போடு."

உறை என் மருந்துப் பெட்டியில் இருக்கிறது,
ஓரத்தில் வெள்ளி உப்புக் கறையோடு.
அங்கே போர் என்கிறார்கள், தபால் போகுமா தெரியாது.
நேற்றோடு ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு படம்.
இன்று வெயில் நன்றாக அடிக்கிறது.
அச்சுக்கு இன்னும் தாள் நறுக்க வேண்டும்.