நாலு புள்ளி எட்டு

ஜனவரி பன்னிரண்டு.
ஹீயுமா தீவுக்கு அன்று படகு வரவில்லை.
பைன் மரங்கள் மின்கம்பிகளின் மேல் சாய்ந்து படுத்துவிட்டன.
கிளினிக் கதவை யாரும் திறக்கவில்லை, நானும்தான்.
ஆனால் தடுப்பூசிக் குளிர்பெட்டியில் ஒட்டிய தாளில்
அன்றைக்கும் ஓர் எண் இருக்கிறது:
4.8.
என் கையெழுத்து. என் நீல மை.

பதினான்காம் தேதி வந்து எழுதினேன்,
மூன்று நாளுக்கும் சேர்த்து,
கோட்டைக் கழற்றுவதற்கு முன்பே,
பூட்ஸிலிருந்து பனி உருகித் தரையில் ஓட.
4.9, 4.8, 5.1.
ஒரே எண்ணாக இருந்தால் சந்தேகம் வரும் என்று
கொஞ்சம் ஏற்றி, கொஞ்சம் இறக்கி.
பொய்க்கும் கைப்பக்குவம் வேண்டியிருக்கிறது.

யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை.
காலிக் கட்டம் பார்க்க அசிங்கமாக இருந்தது, அவ்வளவுதான்.
மார்ச்சில் தரச் சான்றுக்கு ஆள் வருவார்.
போன வருஷம் எங்களுக்கு ஏ.
வரவேற்பறையில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம்,
மீன் கம்பெனிக் காலண்டருக்குப் பக்கத்தில்.

ஆள் வருவதற்கு ஒரு வாரம் முன்
டாக்டர் மாரிகா தானே எல்லாவற்றையும் சரிபார்த்தார்.
தீயணைப்பானின் தேதி. ஆக்ஸிஜன் உருளையின் முள்.
அட்ரினலின் ஊசி, இன்னும் நான்கு மாதம் தாங்கும்.
பிறகு குளிர்பெட்டி முன் மண்டியிட்டு,
தெர்மாமீட்டரின் பக்கவாட்டில்
ஆறு வருஷமாக நான் தொடாத ஒரு சின்னப் பொத்தானை அழுத்தினார்.

அதற்கு ஞாபகம் இருந்தது.
மிகக் குறைந்த அளவு: மைனஸ் 3.
ஜனவரி 13, விடியற்காலை 4:10.

மருந்து சூடாகிவிடுமே என்றுதான்
எப்போதும் பயந்திருக்கிறோம்.
வெளியே மைனஸ் பதினெட்டு, உள்ளே கணப்பு இல்லை.
குளிரை உண்டாக்கத் தெரிந்த பெட்டி
குளிரைத் தடுக்கத் தெரியாமல் நின்றிருக்கிறது.

டாக்டர் ஒரு குப்பியைக் குலுக்கி
சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.
பால் போல் கலங்க வேண்டியது
செதில் செதிலாக அடியில் இறங்கியது,
அவசரமே இல்லாமல்.

"லேலோ, பன்னிரண்டாம் தேதி யார் பார்த்தது?"
"யாரும் பார்க்கவில்லை."
அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருக்கலாம்.

அந்தப் பெட்டியிலிருந்து ஊசி போட்டுக்கொண்டவர்கள் ஏழு பேர்.
ஐந்து குழந்தைகள், ஒரு கர்ப்பிணி,
காலில் துரு ஆணி ஏறிய துறைமுகத்து ஆஹ்தி.
ஒவ்வொரு பெயராக நான்தான் அழைத்தேன்.
டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து காபியை ஆறவிட்டார்.
முதல் அழைப்பில் "மின்வெட்டு" என்று ஆரம்பித்தேன்.
மேசையை ஒரு விரலால் தட்டினார்.
இரண்டாவது அழைப்பில் சொன்னேன்:
"பார்க்காமல் எழுதினேன்."

ஆஹ்தி சிரித்தார், கால் இன்னும் இருக்கிறது என்றார்.
த்ரீனு நெடுநேரம் பேசவில்லை. பிறகு,
"மறுபடியும் அழுவானே" என்றாள், வேறொன்றும் இல்லை.
கௌபோ தன் இரட்டைப் பெண்களை
தீவின் மறுகோடி டாக்டரிடம் மாற்றிக்கொண்டார்.
நாற்பது கிலோமீட்டர், பனியில்.
அவரைத் தப்பு சொல்ல மாட்டேன்.

மார்ச்சில் ஆள் வந்தார். தாளைப் புரட்டினார்.
4.8-ன் மேல் ஒரே ஒரு கோடு,
அடித்த எண் தெரியும்படி.
மேலே: பார்க்கவில்லை. லேலோ.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடியும் அதையே படித்தார்.
இந்த வருஷம் பி.
அதையும் மாட்டச் சொன்னார் டாக்டர்.
ஒரு ஆணிதான் இருந்தது,
மீன் காலண்டரை இறக்கிவிட்டோம்.

தினமும் எட்டு மணிக்கு மண்டியிடுகிறேன்.
பொத்தானை அழுத்துகிறேன்.
இரவு நடந்ததை அது சொல்கிறது, நான் எழுதுகிறேன்.

போன வியாழன் மகனுக்குக் காய்ச்சல், நான் வரவில்லை.
மாற்றாள் மறந்துவிட்டாள்.
கட்டம் வெள்ளையாக இருக்கிறது.
இருக்கட்டும்.
கைதான் இன்னும் அரிக்கிறது.