பதினொன்று நாற்பது

பதினொன்று நாற்பதுக்கு மணி அடிக்கும்.
மழலையர் வகுப்பு அத்தோடு முடிந்தது.
பின்வாசலில் பேருந்தை நிறுத்திக்
கதவைத் திறந்துவைப்பேன்.
முதலில் பைகள் ஏறும்,
பின்னாலேயே குழந்தைகள்.

மாநிலத்தின் பேரேட்டில்
ஐந்து வயதுப் பிள்ளை ஒன்றுக்கு
அரை என்று கணக்கு.
அரை நாள் படிப்பு, அரைப் பங்குப் பணம்.
கல்விக் குழுக் கூட்டத்தில்தான்
எனக்கே தெரிந்தது.
இருபத்திரண்டு பேர் என நினைத்து
இத்தனை காலம் நான் ஓட்டியது
பதினொரு பேரைத்தான்.
அந்தப் பதினொரு பேர் போடும் கூச்சலை
மாநிலம் கேட்டதில்லை.

ஒஸ்வால்டோ இறங்கும் இடத்தில்
அவன் அம்மா மாரிசெல் நிற்பாள்.
உருளைக்கிழங்கு ஆலையின் தலைவலை
நெற்றியில் பதிந்திருக்கும்.
முப்பது நிமிட இடைவேளை:
பிள்ளையைக் காரில் ஏற்றி
அக்காள் வீட்டில் விட்டு
மீண்டும் ஓடும் பட்டையின் முன் போய் நிற்க வேண்டும்.
அவள் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

பிப்ரவரியில், உடற்பயிற்சிக் கூடத்தில்,
மடக்கு நாற்காலிகளில் ஊர் உட்கார்ந்தது.
வெளியே ஐடஹோவின் பனி, உள்ளே ஈரக் காலணி நாற்றம்.
முழு நாள் வகுப்பு. விரும்புகிறவர்களுக்கு மட்டும்.
மறுபாதிச் செலவுக்கு உள்ளூர் வரி,
இரண்டு ஆண்டுக்கு.
"வீட்டுக்கு மாதம் ஒரு பீட்சா விலைதான்" என்றார் கண்காணிப்பாளர்.
ஓர்லின் ஹாட்ச் எழுந்தார்:
"உங்களுக்கு வீடு. எனக்கு அறுநூறு ஏக்கர்.
எத்தனை பீட்சா என்று சொல்லுங்கள்."
சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.
பீட்ரூட் விலை விழுந்த ஆண்டு அது.

ஆன்லீஸ் கைக்குழந்தையோடு வந்திருந்தாள்.
"என் வில்லா மத்தியானம் என்னோடு இருக்கட்டும்.
எழுத்து எங்கே ஓடிவிடும்?"
மாரிசெல் வரவில்லை. இரவுப் பணி.
அவளுக்காக யாரும் பேசவில்லை,
நானும்தான்.

பிறகு திரையில் ஓர் அட்டவணை.
மிச்சமாகும் செலவுகள். மூன்றாவது வரி:
நண்பகல் பேருந்து, இருபத்தோராயிரம் டாலர்.
என்னை அதற்குமுன்
எழுத்தில் நான் பார்த்ததில்லை.

வாரம் முப்பது மணி நேரம் வேலை இருந்தால்தான்
மருத்துவக் காப்பீடு.
நண்பகல் ஓட்டத்தைக் கழித்தால் இருபத்திரண்டு.
வீட்டில் குளிர்பெட்டிக் கதவில்
வெண்ணெய்க்கு அடுத்து கார்வியின் இன்சுலின்.
அன்றிரவு பால் எடுக்கத் திறந்தவள்
எடுக்காமலே மூடினேன்.

தீயணைப்பு நிலையத்தில் வாக்குப் பதிவு.
கயிற்றில் கட்டிய பேனா.
இரண்டு வட்டங்கள்.
என் கைக்கு அவ்வளவு நேரம் பிடித்ததற்கு
குளிரைக் காரணம் சொல்லலாம்.
முப்பத்தொரு வாக்கில் வரி நிறைவேறியது.
எதில் மை வைத்தாய் என்று
கார்வி கேட்கவில்லை.
பாத்திரம் கழுவினான், வழக்கமாக அது என் வேலை.

செப்டம்பரில் தெரிந்தது:
மூன்று வீடுகள் அரை நாளே போதும் என்றன.
விரும்பினால் என்ற அந்தச் சொல்லுக்கு
ஒரு வண்டி தேவைப்பட்டது.
பேருந்தை வாங்கிக்கொண்டு சிறிய வேன் தந்தார்கள்.
மீதி நேரத்துக்கு உணவுக்கூடத்தில்
பால் பெட்டி பிரித்துக் கொடுக்கிறேன்.
சேர்த்து முப்பது மணி, பத்து நிமிடம்.
அடுத்த ஆண்டு இந்த மூன்றும் முதல் வகுப்பு.
அதற்கப்புறம் தெரியாது.

"மத்தவங்கல்லாம் எங்கே?" வில்லா தினமும் கேட்பாள்.
சாப்பிடுகிறார்கள், பிறகு பாய் விரித்துத் தூங்குவார்கள்,
எழுந்து களிமண்ணில் ஏதாவது செய்வார்கள்.
"என்ன செய்வாங்க?"
எனக்கென்ன தெரியும், நான் உன்னோடு இருக்கிறேனே.
கொஞ்சம் அழுகிறாள். கொஞ்சம்தான்.

நேற்று ஆலையைத் தாண்டும்போது
நிறுத்துமிடத்தில் மாரிசெல்.
கார் கதவு திறந்திருக்க, கால்கள் வெளியே,
மடியில் டப்பா, வாய் நிறையச் சோறு.
தலைவலை பக்கத்தில் கிடந்தது.
ஹாரன் மேல் கை போனது.
சாப்பிடுகிறவளைக் கூப்பிடக் கூடாது.
வேகத்தைக் குறைத்து,
சத்தமில்லாமல் திருப்பத்தில் ஒடித்தேன்.