சூயஸில் உப்புப் போத்தல்

மஞ்சள் படையில் பதினொரு பேர் குறைவு.
அண்ணன் டொரொண்டோவிலிருந்து கொண்டுவந்த பெட்டி
கட்டுநாயக்கவில் ஒருமுறை,
என் மகன் கையில் பலமுறை
திறந்து மூடியதில் எங்கோ போய்விட்டார்கள்.
அவர்களுக்குப் பதில் புளியங்கொட்டை.
பிளந்த கொட்டையும் ஓராள்தான் என்று
முதல் வெள்ளியே தீர்மானித்தாயிற்று.

கல்லடியில் மாரி. வளவுக்குள் கணுக்கால் தண்ணீர்.
மஃரிப் முடித்துக் காத்தான்குடியிலிருந்து
நனைந்த ஹெல்மெற்றோடு அஸ்மில் வருவான்,
பையில் மஸ்கெட்.
இஞ்சிப் பிளேன்ரீயை ஓரமாக்கி
உலகத்தை மேசையில் விரிப்போம்.
இலங்கை அதில் இல்லை.
இருக்கவேண்டிய இடத்தில் அட்டை மடிப்பு.
"நல்லதாப் போச்சு," என்பார் இவர்,
"நம்மள ஒருத்தரும் பிடிக்க ஏலாது."

இவர் ஆசியாவை விடமாட்டார்.
பிடித்தால் சுற்றுக்கு ஏழு பேர் மேலதிகம்.
பிடித்து வைத்திருந்ததை நான் கண்டதில்லை.
கல்யாணத்துக்கு முன் தொடங்கிய இறால் பண்ணையும்
இப்படித்தானாம்.
எனக்கு அவுஸ்திரேலியா.
ஒற்றை வாசல் வீடு, பூட்டிவிட்டு எண்ணலாம்.
சியாம் எல்லையில் தாக்குவதில்லை என்று
இவரோடு ஓர் உடன்படிக்கை;
மூன்றாம் சுற்றில் முறித்தேன்.
"சோத்தையும் போட்டுக் குத்துறாய்," என்றார்.
"கட்டை விழுந்தா நான் என்ன செய்ய?"

இவரின் அக்கா பத்மலோசினி மச்சாள்
மருந்துக்கடையைப் பூட்டிவிட்டு வருவாள்.
எல்லா நாட்டிலும் ஒவ்வோராளாய் வைப்பாள்,
எப்போதும் முதலில் அழிவாள்.
"ஒரு இடத்து ஆக்கள மற்ற இடத்துக்கு எடுத்தா
விட்ட இடம் பாவம்கா."
அது வியூகமே இல்லை என்று
அஸ்மில் எத்தனை தரம் சொல்லியிருப்பான்.

அன்று எட்டு மணிக்கே அவள் உலகத்தில் இல்லை.
கறண்டும் போனது.
போன் வெளிச்சத்தில் தொடர்ந்தோம்.
சும்மா இருக்க ஏலாமல் அவள்
உப்புப் போத்தலைத் தூக்கிச் சூயஸில் வைத்தாள்.
"இது சென்ரி.
இனி ஆர் போறதெண்டாலும் என்னட்டக் கேட்டுத்தான்."
சிரித்தோம்.
எகிப்திலிருந்து நீலம் ஒன்பது பேர் வந்தார்கள்.

"ஐசி."
அஸ்மில் லைசன்ஸைக் காட்டினான்.
"எங்கயிருந்து? எங்க போறது?
அங்க ஆர்?"
"ஒருத்தருமில்ல, பிடிக்கப் போறன்."
இன்னும் சிரித்துக்கொண்டிருந்தோம்.
"பேக்கத் திற. பற்றி இருக்கா?
ரெண்டு சவுக்காரத்துக்கு மேல ஏன்?
இந்த மருந்து ஆருக்கு?
அவருக்கு என்ன வருத்தம்? காயமா?
அந்தப் பக்கத்தில என்ன கேட்டவங்க?
நீ என்ன சொன்னாய்?"

குரல் உயரவேயில்லை.
முதற் கேள்விகள்
தமிழைப் பிந்திப் படித்த ஒருவனின் வாயால் வந்தன.
கடைசிக் கேள்விகள் நல்ல தமிழ்.
வலையிறவுப் பாலத்தைக் கிழமைக்கு இரண்டுதரம்
சைக்கிளில் கடந்து வேலைக்குப் போனவள் அவள்.
நான் இந்த வீட்டுக்கு வரமுன்பு.

அஸ்மில் கதிரையில் நிமிர்ந்தான்.
"நாலு மணிக்கு முன்ன திரும்பிருவன்."
அவனுக்கு அப்போது பத்து வயதிருக்கும்.
அவன் வாப்பா நெல் வாங்கப் படுவான்கரை போனவர்.
மச்சாள் நீலத்தை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள்.
"இண்டைக்கு ஏலா. நாளைக்கு வா."

இவர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார்.
இங்கிலிஷிலும் இல்லை, பிரெஞ்சிலும் இல்லை.
ஆனாலும் எவரும் போத்தலில் கைவைக்கவில்லை.
நீலம் எகிப்திலேயே நின்றது.
மேற்கிலிருந்து ஒருவரும் வராததால்
இவர் ஆசியாவை முதன்முதலாய் முழுதும் பிடித்தார்,
பிறகு என் ஒற்றை வாசலையும்.
வென்றவர் துள்ளவில்லை.
கறண்டு வந்ததும் மச்சாள்
"மறுகா ஒருக்கா அடுக்குவமா?" என்றாள்,
தன் சொந்த வாயால்.

அடுத்த வெள்ளி பெட்டியைத் திறந்தால்
மடிப்பு நீளத்துக்கு உப்பு,
மாரி ஈரத்தில் இறுகிக் கிடந்தது.
நகத்தால் சுரண்டினேன், பாதிதான் வந்தது.
மச்சாள் தன் கொட்டைகளை எடுத்து
நாட்டுக்கு ஒன்றாய் வைக்கத் தொடங்கினாள்.
அஸ்மில் பார்த்துக்கொண்டிருந்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.