சொடுக்கு

எங்கள் ஃபோயாவில் கைகுலுக்கினால்
பிரியும்போது இரண்டு நடுவிரல்கள் உரசிச்
சொடுக்கென்று கேட்க வேண்டும்.
கேட்காவிட்டால் இன்னொரு தரம்.

அந்த ஆகஸ்டில் ஞானஸ்நானத் தொட்டி காய்ந்து கிடந்தது.
கோயில் வாசலில் குளோரின் வாளி;
குழாயைத் திறந்து மூடுவது என் ஊழியம்.
பாடகர் குழுவில் நாலு பேர் இல்லை.
அடிக்குரல் போய்விட்ட கீர்த்தனை
கால் ஒடிந்த மேசைபோல் ஒரு பக்கம் சாய்ந்தது.

இருபத்தொரு நாள் கழித்து ஃபிண்டா வந்தாள்.
மகனை வெள்ளை உடுப்புக்காரர்கள் தூக்கிப் போனார்கள்,
குளிப்பாட்ட விடவில்லை.
அவள் உட்கார்ந்த பெஞ்சு
மெல்ல மெல்லக் காலியாயிற்று.
நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்,
அது ஓடிவிடும் என்பதுபோல.

"கர்த்தருடைய சமாதானம் உங்களோடிருப்பதாக"
என்றார் போதகர் சாஆ.
தகரக் கூரையில் மழை மட்டும் பதில் சொன்னது.

அவள் கையை உயர்த்தி
தன் விரலில் தன் விரலையே வைத்துச்
சொடுக்கினாள்.

காத்திருந்தாள்.

பின்வரிசையில் ஒன்று.
ஜன்னலோரம் இன்னொன்று,
பழகாத சின்னக் கையின் பிசகிய சொடுக்கு.
பிறகு எண்ணவில்லை.

குளோரினில் ஊறிய என் விரல்கள்
வழுக்கின.
மறுபடி வழுக்கின.
மூன்றாம் தரம்தான் கேட்டது.