ஒன்று முதல் ஐந்து வரை

மாவட்டக் கல்வி இலாகாவிலிருந்து படிவம்.
காணொலி வகுப்புச் செயலி
மாணவர் கற்றலுக்கு எந்த அளவு துணைநின்றது?
ஒன்று முதல் ஐந்து வரை வட்டமிடுக.
வெள்ளிக்கிழமைக்குள்.

சிலிம் ரிவரில் மழை.
ஆசிரியர் அறை மேசையில் ஆறிப்போன மைலோ.
பேனா மூடியைக் கடித்துக்கொண்டு
கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்.

இருபத்து மூன்று பேரில்
காலை எட்டுக்கு வந்தது ஆறு பேர்.
மற்றவர்களின் வகுப்பறை
அப்பாவின் சட்டைப்பையில்
செம்பனைக் காட்டுக்குள் போயிருந்தது.
இரவு எட்டரைக்கு மாற்றினேன்.
பதினேழு பேர். பாதி கொட்டாவி.

ஐந்தாம் ஆண்டுக் கணிதம், பின்னங்கள்.
லோஷினி வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரே கைப்பேசி.
மூன்றில் ஒன்று என்றால் என்ன என்று
அவளுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.
ஒருநாள் மஞ்சள் கையை உயர்த்தினாள்.
சொல்லும்மா என்றேன்.
சொல்லு, கேட்குது என்றேன்.
ரீலோட் தீர்ந்து பிள்ளை போன பிறகும்
அந்தக் கை மட்டும்
கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

ஒன்றில் வட்டமிட்டேன்.

யுகேந்திரனை எங்கே வைப்பது?
இரண்டு ஆண்டுகளாக
'உள்ளேன்' என்பதன் முதல் எழுத்திலேயே
மாட்டிக்கொண்டு நிற்கிறவன்.
பின்வரிசை சிரிப்பதற்குள்
அடுத்த பெயருக்குத் தாவிவிடுவேன்.
அதைக் கருணை என்று நம்பியிருந்தேன்.

திரையிலும் அவன் வாய் திறக்கவில்லை.
உரைப்பெட்டியில் தட்டினான்:
டீச்சர் 6/8 சுருக்குனா 3/4. நீங்க 3/8 போட்டுட்டீங்க.
போட்டுத்தான் இருந்தேன்.
அதன்பிறகு ஓயாத வாயாடி.
எழுத்துப்பிழைகளோடு எல்லாருக்கும் பதில் சொன்னான்,
எனக்கும் சேர்த்து.
போதும்டா என்றால்
நாக்கை நீட்டும் பொம்மை ஒன்று அனுப்புவான்.

ஒன்றை அடித்துவிட்டு
நான்கின் மேல் பேனாவை வைத்தேன்.
மை ஊறியது.

பள்ளி திறந்து இரண்டு வாரம்.
இன்று காலை வருகைப் பதிவில்
அதே முதல் எழுத்து, அதே இடம்.
இந்தமுறை நான் தாவவில்லை.
மின்விசிறி சுற்றியது, சுற்றியது.
யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.
அவன் நோட்டைத் திறந்து
பெரிதாக எழுதித் தூக்கிக் காட்டினான்:

மைக் ஆஃப்ல இருக்கு டீச்சர்.

முதலில் சிரித்தது அவன்.
பிறகுதான் நாங்கள்.

வெள்ளிக்கு இன்னும் இரண்டு நாள்.