ஒற்றைப்படைக் கதவுகள்

விருப்பமுள்ளவர் மட்டும், என்றார் துரை.
கிராணி குட்டிகிருஷ்ணன் செக்ரோலைப் புரட்டி
லயத்தின் ஒற்றைப்படைக் கதவுகளுக்கெல்லாம்
சிவப்பு மையில் விருப்பம் போட்டார்.
என் கதவு பதினேழு.

புக்கிட் கெலாடி காவல் கம்பெனி
அப்படித்தான் பிறந்தது, தைப்பூசம் முடிந்த மறுவாரம்.
நாற்பத்தொரு பேர். ஒன்பது துப்பாக்கி.
துப்பாக்கி கிடைக்காதவனுக்கு விசில்.
விசிலும் கிடைக்காதவன் அப்பளசாமி;
அவனுக்குத் தண்டவாளத் துண்டும் ஒரு சுத்தியலும்.

இதைச் சண்டை என்று சொல்லக்கூடாதாம்.
சொன்னால் எரிந்த ஸ்டோருக்கு
இன்ஷூரன்ஸ் பணம் வராதாம்.

காலையில் நானூறு மரம் வெட்டி,
பால் நிறுத்து,
அந்தியில் அதே கையால் சலாம்.
ஒரே ஒரு ஞாயிறு டவுனில் அணிவகுத்தோம்,
கள்ளுக்கடையிலிருந்து போலீஸ் ஸ்டேஷன் வரை.
மளிகைக்கடை ஆ கியோங் பாதிக் கதவைச் சாத்தினான்.
சார்ஜண்டு வாய்விட்டுச் சிரித்தான்:
மரத்துக்கு மரம் நிற்பதுபோல
நாலெட்டுக்கு ஒருமுறை நின்று போகிறோமாம்.

சடையப்பன், கதவு பதினெட்டு.
யூனியன் இருந்த காலத்தில் கூட்டத்துக்குக் கூட்டம்
என்னோடு ஒரே பொட்டலத்தில் கச்சான் தின்றவன்.
எனக்கும் அவனுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்.
ஒருநாள் பெரட்டில் அவன் பேருக்கு யாரும் ஆஜர் சொல்லவில்லை.
அவன் பெண்டாட்டி தைலம்மையின் இருமல் மட்டும்
இரவில் சுவர் தாண்டி வரும்.

நாங்கள் சுட்டது ஒரே ஒரு ராத்திரி.
அப்பளசாமி தண்டவாளத்தை அடித்தான்.
ஒன்பது துப்பாக்கியும் முழங்கின என்று
ரிப்போர்ட்டில் இருக்கிறது.

விடிந்ததும் கம்பி வேலியோரம்
பிய்ந்த அரிசி மூட்டை,
இடது கால் கேன்வாஸ் சப்பாத்து ஒன்று,
சுண்டுவிரல் பக்கம் கத்தியால் கீறித் தளர்த்தியது.
யாருடையது, என்றார் இன்ஸ்பெக்டர்.
நாற்பத்தொரு பேரும்
அவரவர் கால்களைப் பார்த்தோம்.
ரேஷன் அரிசி எந்தப் பானையில் குறைந்தது என்றும் கேட்டார்.
கோழிகள் அதைப் பொறுக்கிக்கொண்டிருந்தன.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு லாரி வந்தது.
காரணம் சொல்லாமல் கம்பெனியைக் கலைத்தார்கள்.
துப்பாக்கிகளை எண்ணினார்கள், விசில்களை எண்ணினார்கள்,
அப்பளசாமியின் சுத்தியலைக்கூட விடவில்லை.
வெற்றுத் தோட்டாக் கூட்டில் ஒன்று குறைந்தது.
ஓடையில் விழுந்திருக்கும் என்றேன்.
கிராணி என் சம்பளத்தில் நாற்பது காசு பிடித்தார்.

அன்று இரவு தைலம்மை
பதினேழாம் கதவுக்கு வந்தாள்.
வாசற்படியில் நாலு பத்துக் காசை வரிசையாக வைத்தாள்.
எட்டுத்தான் கேட்டது, என்றாள்.
போய்விட்டாள்.